காலர் மைக்கும் பல்செட்டும்

என் குரல் நன்றாக இருக்கும் என்று இதுவரை மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் என் மாமனார். பெண் கொடுப்பது என்று முடிவு செய்த பிறகு மாப்பிள்ளையிடம் பாராட்ட எதையாவது தேடியிருக்கிறார். அது ஒன்றுதான் கிடைத்திருக்கிறது. இரண்டாமவர் மைக்செட் முனியசாமி. மூன்றாவது ஆள் நான்.

பெயர் திருப்பதி. வயது ஐம்பத்து நாலு. இலுப்பூரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். உர மூட்டைக்குப் பில் போடுவது வேலை. ஆனால் தை பிறந்துவிட்டால் நான் எழுத்தர் இல்லை. சுற்றுவட்டாரத்தில் எங்கே வாடிவாசல் போட்டாலும் வர்ணனை மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் நான்தான். "வருது வருது வருது... மாடு வருது! தொட்டுப் பாரு, தொட்டுப் பாரு! பிடிச்சா வீரனுக்கு அண்டா, பிடிக்காட்டி மாட்டுக்காரருக்குச் சைக்கிள்!" எட்டுக் குழாய் ஸ்பீக்கரில் கிளம்பும் இந்தக் குரல் குடுமியான்மலையில் மோதித் திரும்பும் என்று சொல்லிக்கொள்வேன். திரும்பி வந்ததைக் கேட்டவர் யாரும் இல்லை.

போன வருஷம் ஆடி மாதம் சங்கத்து வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி வந்தது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பார்வையற்றவர்களுக்காகப் பாடக் குறிப்புகளை வாசித்துப் பதிவு செய்து தர ஆள் வேண்டும். அச்சடித்த புத்தகம் என்றால் அவர்களுடைய போனும் கம்ப்யூட்டருமே வாய்விட்டுப் படித்துக் காட்டிவிடும். பயிற்சி வகுப்பில் வாத்தியார் கையால் எழுதிக் கொடுத்த குறிப்பை எந்த மெஷினாலும் படிக்க முடியவில்லை. அதனால் மனிதர்கள் தேவை. கடைசி வரியில், "தெளிவாகப் படிக்கத் தெரிந்தால் போதும், தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் போதும்" என்று இருந்தது. குரல்வளம் என்ற சொல்லே அந்தச் செய்தியில் இல்லை. நான் மட்டும் அதைப் படித்தேன்.

உடனே பெயரைக் கொடுத்தேன். மாலையில் மனைவியிடம் சொன்னேன். அவள் பெயர் இசைவாணி. மாமனார் அந்தக் காலத்துக் கட்சிக்காரர், பிள்ளைகள் எல்லாருக்கும் தமிழ்ப் பெயராக வைத்தவர். வாணி பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு பத்திர எழுத்தரிடம் இருபது வருஷமாக வேலை பார்க்கிறாள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வாங்குகிறவர், விற்கிறவர் இருவரையும் உட்கார வைத்துப் பத்திரத்தை முதலிலிருந்து கடைசி வரை வாசித்துக் காட்டுவது அவள் பொறுப்பு.

"நல்ல காரியந்தாங்க," என்றாள். "ஆனா மாடு புடிக்கிற மாதிரிப் படிச்சிராதீங்க."

கலை தெரியாதவர்களிடம் என்ன பேசுவது.

எனக்கு ஒதுக்கிய தேர்வர் இளமதி. ஆவுடையார்கோவில் பக்கத்து ஊர். இருபத்தேழு வயது, வரலாற்றில் எம்.ஏ. பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. இளநிலை உதவியாளர் தேர்வுக்கு நாலரை மாதம் இருந்தது. நானூற்று இருபது பக்கம் ஜெராக்ஸ் கூரியரில் வந்து இறங்கியது. என் மகன் செம்மல் இன்ஜினியரிங் படித்தபோது வாங்கிய லேப்டாப் ஒன்று வீட்டில் இருந்தது. அவன் கோயம்புத்தூரில் வேலைக்குப் போய்ப் புதிது வாங்கிக்கொண்டதால் பழையது எனக்குச் சொத்தாக வந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குளித்து, சட்டை மாற்றி, அதன் முன்னால் உட்கார்ந்தேன். சட்டை எதற்கு என்று இன்றுவரை தெரியவில்லை.

முதல் பாடம் பல்லவர்கள். எழுதியிருந்ததை எழுதியிருந்தபடிதான் படித்தேன். ஆனால் புலிகேசி படையெடுத்து வரும் இடத்தில் எனக்கு வாடிவாசல் திறந்துவிட்டது. "வருகிறான்... இரண்டாம் புலிகேசி... வருகிறான்!" என்று குரலை ஏற்றினேன். மகேந்திரவர்மன் கோட்டைக்குள் இருந்த இடத்தில் ரகசியம் பேசுவதுபோல் இறக்கினேன். நாற்பது நிமிஷம். முடித்ததும் எனக்கே லேசாகப் புல்லரித்தது. அனுப்பிவிட்டுப் பாராட்டுக்காகப் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் இளமதியிடமிருந்து குரல் பதிவு வந்தது.

"சார் வணக்கம், இளமதி பேசுறேன். முழுசாக் கேட்டேன் சார், ரொம்ப நன்றி. ஒண்ணே ஒண்ணு சொல்லலாமா? பின்னாடி ஃபேன் ஓடுதுங்கல்ல, அதுல ஒரு ரெக்கை லேசா இடிக்குது. அப்பறம் குக்கர் விசில் அடிக்குது. பன்னெண்டாவது நிமிசத்துல ஒருத்தர் கொத்தமல்லி வேணுமான்னு கேக்குறாரு. வாதாபியப் புடிச்ச வருசம் அதுல விழுந்துபோச்சு சார். மொத்தத்துலயே கரகரன்னு ஒரு எரைச்சல் இருக்கு. முடிஞ்சா கொஞ்சம் பாருங்க சார்."

இரண்டு தடவை கேட்டேன். குரலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாற்பது நிமிஷத்தில் அந்தப் பெண் கொத்தமல்லிக்காரரைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறது.

சரி, குறை என் குரலில் இருக்க வாய்ப்பில்லை, இந்த லேப்டாப்பில்தான் இருக்கிறது என்று முடிவு கட்டினேன். அன்றிலிருந்து என் வாழ்க்கையின் இரண்டரை மாதம் சத்தத்தை விரட்டுவதில் போனது.

முதலில் இடத்தை மாற்றினேன். வீட்டில் நெல் மூட்டை அடுக்கியிருக்கும் சிறிய அறை ஒன்று உண்டு. ஜன்னல் கிடையாது, ஃபேன் கிடையாது. சுவரில் ஆணி அடித்து இரண்டு மெத்தையைத் தொங்கவிட்டேன். கதவிடுக்கில் வாணியின் பழைய சேலையைத் திணித்தேன். உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது. ஆவணி மாதத்து வெயில். பத்து நிமிஷத்தில் வேட்டி, பனியன் எல்லாம் நனைந்து, பாண்டியர்கள் பாடத்தின் ஜெராக்ஸ் கையோடு ஒட்டிக்கொண்டது. கட்டாயம் இது தெய்வ வாக்குப்போல் ஒலிக்கும் என்று நினைத்தேன்.

"சார், ஃபேன் சத்தம் போயிருச்சு," என்றாள் இளமதி. "இப்ப மாவு மில்லு ஒண்ணு ஓடுது."

"எங்க தெருவுல மில்லே இல்லையேம்மா."

"இருக்கு சார். மொதல்ல மெதுவா ஓடுது. அஞ்சு நிமிசத்துக்கு அப்பறம் வேகமாயிருது."

நான் கிளம்பித் தெருவெல்லாம் சுற்றினேன். மூன்றாவது வீட்டில் போர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் ஆறிலிருந்து ஏழு வரை அதைப் போட வேண்டாம் என்று அந்த வீட்டுக்காரரிடம் கேட்டேன். ஏன் என்றார். ஒரு நல்ல காரியத்துக்காக என்று ஆரம்பித்துப் பல்லவர், பாண்டியர் எல்லாம் சொல்லி முடித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நாங்க எப்பங்க குளிக்கிறது?" என்றார். இரண்டு நாள் அவரோடு பேச்சில்லை.

மூன்றாம் நாள் வாணி நெல் அறைக்குள் சாக்கு எடுக்க வந்தாள். நான் பதிவு செய்துகொண்டிருந்தேன். ஒரு நிமிஷம் நின்று கேட்டுவிட்டு லேப்டாப்பின் அடியில் கையை வைத்துப் பார்த்தாள்.

"என்னங்க இது, தோசைக்கல்லு மாதிரிக் கொதிக்குது. மில்லு இதுக்குள்ளதான் ஓடுது."

லேப்டாப்புக்கு உள்ளே ஒரு சின்ன ஃபேன் இருக்கிறது. சூடானால் அது வேகமாகச் சுற்றும். காற்றே இல்லாத அறையில் அடைத்து வைத்து, என்னோடு சேர்த்து அதையும் வேக வைத்திருக்கிறேன். போர் மோட்டார் வீட்டுக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்க வெட்கமாக இருந்தது. வாணியிடம் ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தனுப்பினேன்.

அடுத்தது மகனுக்குப் போன் போட்டேன். இரைச்சலைத் துடைத்துவிடும் மென்பொருள் ஒன்று இருக்கிறது என்று சொல்லி, கோயம்புத்தூரில் இருந்தபடியே அதை லேப்டாப்பில் ஏற்றிக் கொடுத்தான். அதில் நகர்த்தும் புள்ளியோடு ஒரு கோடு இருந்தது. இடது பக்கம் குறைவாகத் துடைக்கும், வலது பக்கம் அதிகமாகத் துடைக்கும். கொஞ்சமாக வைக்கச் சொன்னான். கொஞ்சம் நல்லது செய்யும் என்றால் முழுவதும் இன்னும் நல்லது செய்யும் அல்லவா? கோடு முடியும் இடம் வரை தள்ளினேன்.

"சார், கெணத்துக்குள்ள எறங்கிப் பேசுறீங்களா?" என்று பதில் வந்தது. "எரைச்சல் சுத்தமா இல்ல. ஆனா வார்த்தையும் இல்ல சார். சோழர்னு சொல்றீங்களா சேரர்னு சொல்றீங்களான்னு தெரியல."

அந்தப் பெண்ணின் பொறுமையை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ஒரு தடவையும் குரலை உயர்த்தவில்லை. பரீட்சைக்கு நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே ஒருவன் மூன்று பாடத்தை மூன்று விதமாகக் கெடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறான். ஆனாலும் ஒவ்வொரு பதிவையும் முழுக்கக் கேட்டுவிட்டு எந்த நிமிஷத்தில் என்ன சத்தம் என்று சொல்லுவாள்.

கடைசியில் புதுக்கோட்டை போய்ச் சட்டையில் குத்திக்கொள்ளும் காலர் மைக் ஒன்று வாங்கி வந்தேன். சின்ன வண்டு மாதிரி இருந்தது, தலையில் பஞ்சுத் தொப்பி. டிவியில் பேட்டி கொடுப்பவர்கள் குத்தியிருப்பார்களே, அது. அதைக் குத்தியதும் நடையே மாறிவிட்டது. ஒருநாள் கழற்ற மறந்து சங்கத்துக்கே போய்விட்டேன். யூரியா வாங்க வந்தவர் என் நெஞ்சைப் பார்த்து, "ரெக்கார்டு பண்றீங்களா?" என்று பயந்து போனார்.

பதினேழு நாள் அந்த மைக்கைக் குத்திக்கொண்டு படித்தேன். நூற்று ஐம்பது பக்கத்துக்கு மேல் ஓடிவிட்டது.

"இப்ப எப்படிம்மா இருக்கு? புது மைக்கு."

"புது மைக்கா சார்? எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே."

அந்த வாரமே லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். கீழராஜ வீதியை ஒட்டிய சந்தில் பெலிக்ஸ் என்பவர் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். நாற்பது வயது இருக்கும், அதிகம் பேசாதவர். நான் நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். மெத்தை, மாவு மில், கிணறு, எல்லாம். அவர் கேட்டுக்கொண்டே லேப்டாப்பைத் திறந்து, காலர் மைக்கைச் சொருகச் சொன்னார். சொருகினேன். திரையில் ஒரு பச்சைப் பட்டை வந்தது. சத்தம் வந்தால் அது குதிக்கும் என்றார். காலர் மைக்கை விரலால் தட்டினார். பட்டை அசையவில்லை. பிறகு திரைக்கு மேலே, கேமரா இருக்கும் இடத்தை நகத்தால் லேசாகச் சுரண்டினார். பட்டை எகிறிக் குதித்தது.

"சார், இந்தக் காலர் மைக்கை எத்தனை நாளா போட்டுருக்கீங்க?"

"பதினேழு நாளா."

"இதுல நீங்க இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசல சார்."

காலர் மைக்கின் பின் முழுதாக உள்ளே இறங்கவில்லை. இறங்கியிருந்தாலும் எந்த மைக்கில் கேட்க வேண்டும் என்பதை லேப்டாப்பில் மாற்றிவிட வேண்டுமாம். நான் மாற்றவில்லை. ஆகவே அது பழையபடி தன் தலையில் இருக்கும் சொந்த மைக்கிலேயே கேட்டுக்கொண்டிருந்தது. அந்த மைக் இருப்பது அந்த ஃபேனுக்கு நேர் மேலே, ஒரு சாண் தூரத்தில். நான் பதினேழு நாளாகச் சட்டையில் ஒரு அலங்காரத்தைக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பெலிக்ஸ் சிரிக்கவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. லேப்டாப்பின் அடிப்பக்கத்தைக் கழற்றி, ஃபேனில் அடைத்திருந்த தூசியை எடுத்துக் காட்டினார். தலையணையிலிருந்து பிதுங்கிய பஞ்சு மாதிரி இருந்தது. மைக்கின் அளவு உச்சத்தில் இருந்ததைப் பாதிக்கும் கொஞ்சம் மேலே கொண்டுவந்து வைத்தார். "உச்சத்துல வச்சா ஒங்க குரலோட சேந்து தெருவே உள்ள வரும் சார்." சார்ஜரைச் சொருகினால் ஒரு ரீங்காரம் வருகிறது, பிளக்கில் எர்த் இல்லை, அதனால் பதிவு செய்யும்போது பேட்டரியில் ஓட்டுங்கள் என்றார். துடைக்கும் மென்பொருளின் கோட்டை இடது பக்கம், தொட்டும் தொடாமலும் நிறுத்தினார்.

"அம்புட்டுதான் சார். நெல்லு ரூம்லயே படிங்க. கதவ மட்டும் தெறந்து வச்சுக்கங்க."

திரும்பும் வழியில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நானே சிரித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

அடுத்த பதிவுக்கு இளமதி போனே பண்ணிவிட்டாள். "சார்! பக்கத்துல உக்காந்து படிக்கிற மாதிரி இருக்கு சார்! ஒரு சத்தம் இல்ல!" எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாணியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஆனா சார்..."

"சொல்லும்மா."

"இப்ப எல்லாம் தெளிவாயிருச்சுல்ல, அதனால ஒண்ணு புதுசாக் கேக்குது. ஒரு சின்ன விசிலு. அப்பப்ப வருது, ஒடனே போயிருது. முன்னாடியும் இருந்துருக்கும், எரைச்சல்ல தெரிஞ்சிருக்காது."

குக்கர் இல்லை. நான் படிக்கும்போது வாணி அடுப்பே பற்ற வைப்பதில்லை. மறுபடி புதுக்கோட்டை. பெலிக்ஸ் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவைக் கேட்டார். பின்னால் தள்ளிக் கேட்டார், மறுபடி கேட்டார். பிறகு ஹெட்போனைக் கழற்றிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். லேப்டாப்பைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார்.

"சார், சமஸ்தானம்னு சொல்லுங்க."

"சமஸ்தானம்."

"சரஸ்வதி."

"சரஸ்வதி."

அவர் குரலைத் தாழ்த்தினார். கடையில் வேறு ஆட்களும் இருந்தார்கள். "தப்பா நெனைக்காதீங்க சார். முன்பல்லு... செட்டுங்களா?"

என் மேல்வரிசையில் மூன்று பல் செட். மாடு முட்டிப் போனது என்று வெளியூரில் சொல்வேன். உண்மையில் சங்கத்து வாசலில் மொபெட்டுக்கு ஸ்டாண்டு போடும்போது கால் வழுக்கி ஹேண்டில்பாரில் வாயை இடித்துக்கொண்டேன். செட் கட்டி ஆறு வருஷமாகிறது. ஈறு வற்றி, செட்டுக்கும் ஈறுக்கும் நடுவே சந்து விழுந்து, 'ஸ்' சொல்லும்போதெல்லாம் அது வழியாகக் காற்று ஊதியிருக்கிறது. எட்டுக் குழாய் ஸ்பீக்கரில் அது யாருக்கும் கேட்டதில்லை. இத்தனை நாள் லேப்டாப்பில் நான் தேடிய சத்தத்தின் கடைசி மிச்சம் என் வாயில் இருந்தது.

"இதுக்கு என்கிட்ட ஸ்பேர் இல்ல சார்," என்றார் பெலிக்ஸ். முதல் தடவையாகச் சிரித்தார்.

பல் டாக்டர் அளவெடுத்து, செட்டை வாங்கி வைத்துக்கொண்டு ஐந்து நாள் ஆகும் என்றார். தேர்வுக்கு ஏழு வாரம் இருந்தது. இருநூற்று நாற்பது பக்கம் பாக்கி. பல் இல்லாமல் ஒரு பக்கம் படித்துப் பார்த்தேன். 'சுதந்திரப் போராட்டம்' என் வாயிலிருந்து வந்ததை இங்கே எழுத முடியாது.

வாணி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "அஞ்சு நாளைக்கு நான் படிக்கிறேன். நீங்க அந்தப் பொத்தான்கள அமுக்குங்க."

"ஒனக்கு வருமா?"

"பத்திரத்துல நெலத்தோட நாலெல்லை படிக்கிற வாயிக்கு இது வராதா?"

காலர் மைக்கை அவள் முந்தானையில் குத்தினேன். ஆரம்பித்தாள். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. கட்டபொம்மன் தூக்குமேடை ஏறுவதும் ஒரு மாவட்டத்துக்குள் எத்தனை தாலுகா என்பதும் ஒரே குரலில் வந்தது. வருஷம், தேதி, எண் வரும் இடத்தில் மட்டும் இம்மி நேரம் நிறுத்தி, ஒவ்வொரு எழுத்தாக வைத்துவிட்டுப் போனாள். சர்வே எண் தப்பினால் குடும்பமே கோர்ட்டுக்குப் போகும் என்று பயந்து படித்துப் பழகிய வாய் அது. மூச்சு வாங்கவில்லை, தடுமாறவில்லை. ஒரு மணி நேரத்தில் இருபத்திரண்டு பக்கம். எனக்கு அதே மணி நேரத்தில் ஒன்பது ஆகும். பாவம், உப்புச் சப்பில்லாமல் இருக்கிறது, இளமதி பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். அனுப்பும்போது "ஐந்து நாளைக்கு மட்டும்" என்று ஒரு வரி சேர்த்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சங்கத்தில் இருக்கும்போது இளமதி கூப்பிட்டாள்.

"சார், இது யாரு சார் படிச்சது?"

"என் வீட்டுக்காரம்மா. மன்னிச்சுக்கம்மா, பல்லு வந்ததும் நானே..."

"சார், கேட்டா கோவிச்சுக்குவீங்களா? மிச்சத்த அக்காவே படிக்கட்டுமா?"

எதிரே மூன்று விவசாயிகள் பில்லுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். நான் "ம்" என்றேன்.

"ஒங்க குரல் நல்ல குரல் சார். சத்தியமாச் சொல்றேன். ஆனா நான் ரெண்டு மடங்கு வேகத்துல ஓட்டிக் கேக்குறவ. எனக்கு நேரம் பத்தாது சார். நீங்க ஏத்துற எடம் காதுல அறையுது, எறக்குற எடம் கேக்கவே மாட்டேங்குது. அக்கா படிக்கிறது நேர்கோடு போட்ட மாதிரி இருக்கு. நான் எந்த வேகத்துல ஓட்டுனாலும் நிக்குது."

"சரிம்மா, அக்காகிட்டச் சொல்றேன்," என்றேன். குரல் நல்ல குரல் என்று சொன்ன நாலாவது ஆள் இவள். அதற்கு அடுத்த வாக்கியத்திலேயே வேலையை விட்டு நீக்கிவிட்டாள்.

இரண்டு நாள் நான் வாணியிடம் சொல்லவில்லை. அவள் படித்தாள், நான் பதிவு செய்தேன். சாப்பிடும்போது பேசவில்லை. பல் இல்லாததால் பேசவில்லை என்று அவள் நினைத்திருக்கலாம்; கஞ்சியாகக் கரைத்துக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம், ஞாயிற்றுக்கிழமை, நெல் அறையில் தனியாக இருந்தபோது ஒரு காரியம் செய்தேன். என் பதிவு ஒன்றை எடுத்து, ஹெட்போன் மாட்டி, இரண்டு மடங்கு வேகத்தில் வைத்துக் கேட்டேன். இத்தனை மாதத்தில் நான் என் பதிவைக் கேட்டதே இல்லை. பதிவாகிவிட்டதா என்று பார்ப்பேன், அனுப்புவேன். இப்போது கேட்டேன். புலிகேசி வந்தான். யாரோ ஒரு மனிதன் எதற்கோ பயந்து கத்துவதுபோல் இருந்தது. நடுவில் முணுமுணுப்பு. வருஷம் எங்கே என்று நானே தேடினேன், கிடைக்கவில்லை. நாலு நிமிஷத்துக்கு மேல் முடியவில்லை. ஹெட்போனைக் கழற்றி வைத்தேன்.

அந்தப் பெண் இப்படி நூற்று எண்பது பக்கம் கேட்டிருக்கிறது. ஃபேன், மில், கிணறு என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்ததே தவிர, இதை மட்டும் வாயைத் திறந்து சொல்லவில்லை. நான் அவளுக்காகப் படித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். மேடை இல்லாத மாதங்களில் எனக்கு ஒரு மேடை வேண்டியிருந்திருக்கிறது. அதற்கு ஒரு பெண்ணின் பரீட்சையை எடுத்துக்கொண்டேன்.

வெளியே வந்து வாணியிடம் சொன்னேன். இளமதி சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"ஒங்களுக்குச் சங்கடமா இல்லையா?"

"இருக்கு."

"அப்பறம்?"

"நீ படி. நான் படிச்ச நூத்தி எம்பது பக்கத்தையும் மொதல்லருந்து மறுபடி படி."

அதை இளமதி கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். அந்த நாலரை மாதத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் என்று எனக்குத் தோன்றுவது அதுதான்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை ஒழுங்கு வந்தது. ஃபிரிட்ஜை நிறுத்துவேன், சார்ஜரைப் பிடுங்குவேன், எந்த மைக்கில் கேட்கிறது என்று நகத்தால் சுரண்டிப் பார்ப்பேன். ஹெட்போன் மாட்டிக்கொண்டு மூட்டை மேல் உட்காருவேன். வண்டிச் சத்தம் வந்தால் கையைத் தூக்குவேன், வாணி நிறுத்துவாள். போனதும் கையை இறக்குவேன். அதே வரியிலிருந்து தொடங்குவாள். கொத்தமல்லிக்காரரிடம் ஏழு மணிக்கு மேல் எங்கள் தெருவுக்கு வரச் சொல்லிப் பேசி வைத்தேன். பல்செட் விசில் இல்லாமல் திரும்பி வந்தது. அதைப் போட்டுக்கொண்டு நான் ஒரு வார்த்தை பேச வேண்டிய அவசியம் அந்த அறையில் இல்லை.

தேர்வுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது கடைசிப் பக்கம் முடிந்தது. முடிவு வர நாளாயிற்று. வந்த அன்று இளமதி வாணியின் போனுக்குத்தான் கூப்பிட்டாள். தேறிவிட்டாள். பிறகு கலந்தாய்வும் முடிந்து அறந்தாங்கியில் வேலை கிடைத்தது. சேருவதற்கு முந்தின ஞாயிறு நாங்கள் இருவரும் தன் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டும் என்றாள்.

போனோம். இளமதி வாசலுக்கே வந்தாள். "வாங்க அக்கா," என்று வாணியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எந்தப் பாடத்தில் எந்தப் பக்கத்தில் அக்கா இருமினாள் என்பதுவரை சொன்னாள். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மோர் குடித்தேன். இருவரும் பேசி முடித்த பிறகு இளமதி என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, எனக்கு ஒரு ஒதவி. என் லேப்டாப்புல ஒரு மாசமா எதப் போட்டாலும் கிழிஞ்ச பறை மாதிரிக் கேக்குது. ஸ்பீக்கர் போயிருச்சுங்குறான் தம்பி."

லேப்டாப்பை வாங்கி மடியில் வைத்தேன். ஸ்பீக்கர் ஓட்டைகளை ஊதினேன். உள்ளே இருக்கும் ஃபேனைக் காது வைத்துக் கேட்டேன், அமைதியாக இருந்தது. பாட்டுப் போடும் மென்பொருளைத் திறந்தால் அதில் சத்தத்தின் அளவு இருநூறு என்று இருந்தது. யாரோ ஏற்றி வைத்திருக்கிறார்கள். நூறைத் தாண்டினால் சத்தம் கிழிந்துவிடும். நூறுக்குக் கொண்டுவந்தேன். வாணி குரலில் விஜயநகரப் பேரரசு சுத்தமாக வந்தது.

"அம்புட்டுதானா அண்ணே?"

"அம்புட்டுதாம்மா," என்றேன், பெலிக்ஸ் மாதிரியே சிரிக்காமல்.

இளமதியின் அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "தம்பி, ஒங்களுக்கு இதெல்லாம் தெரியுமா? அப்ப சாப்புடுறதுக்கு முன்னாடி அந்த டிவியவும் கொஞ்சம் பாத்துருங்க. சத்தம் வருது, படம் வரல."

எனக்கு டிவியைப் பற்றி ஒரு எழுத்தும் தெரியாது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே போனேன்.